கூட இருந்து பார்த்துக்கோங்க

"நான் ஒண்ணுமே சொல்லலையே மேடம்," என்றார் அருமைநாயகம்.

சுபைதா எதிரே உட்கார்ந்திருந்தார்.

"அவ பேரைச் சொல்லலை. இங்க வர்றாள்னு சொல்லலை. இங்க என்ன பேசினாள்னு வாயைத் திறக்கவே இல்லை."

வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் முழுக்க மூடுபனி. எதிரே இருந்த பேருந்து நிலையம்கூடத் தெரியவில்லை.

"அந்தம்மாகிட்ட என்ன சொன்னீங்களோ, அதை அப்படியே சொல்லுங்க," என்றார் சுபைதா.

அருமைநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"'பிள்ளையை மட்டும் கொஞ்சம் கூட இருந்து பார்த்துக்கோங்க.' அவ்வளவுதான்."

"உங்களுக்குப் பேரன் இருக்கான் இல்ல சார்?"

"இருக்கான்."

"அவனைப் பெத்தவளுக்கு என்னமோ சரியில்லைன்னு நீங்க பயந்துட்டு இருக்கீங்க. அப்போ ஒருத்தர் வந்து உங்ககிட்ட இப்படிச் சொல்றார். அன்னைக்கு ராத்திரி அவனை யார் பக்கத்துல படுக்க வைப்பீங்க?"

 

*

அருமைநாயகம் அந்த மலை ஊரின் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த சின்ன ஊர் அது. கடைத்தெருவில் நடந்தால் எதிரே வருகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். மீதிப் பேர் அவர்களைப் பெற்றவர்கள்.

ஓய்வு பெற்றதும் தபால் வழியில் மனநல ஆலோசனைப் படிப்பு ஒன்றை முடித்தார். பிறகு சுபைதாவிடம் வந்து நின்றார்.

சுபைதா உளவியல் படித்தவர். மருந்துக் கடைக்கு மேலே ஒரு மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து ஆலோசனை மையம் நடத்திவந்தார். ஊருக்கு அவர் டாக்டரம்மா. அருமைநாயகத்தின் மகளைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம்.

"எதுக்கு சார் இந்த வேலைக்கு வர்றீங்க?" என்று கேட்டார்.

"ஆயுசு பூராவும் பேசிட்டேன் மேடம். இனிமே கேக்கலாம்னு."

"கேக்கறது சுலபம் சார்."

"அப்புறம் எது கஷ்டம்?"

"கேட்டதோட வீட்டுக்குப் போறது."

அன்று அவருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

*

மரகதம் வந்தது மழை தொடங்கியபோது.

தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். அவள் கணவன் கார்மேகம் அங்கேயே தேயிலை ஆலையில் வேலை செய்தான். கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்த பெண் குழந்தை, அப்போதுதான் தலை நின்றிருந்தது.

அறையில் மூன்று நாற்காலிகள் இருந்தன. மூன்றாவது நாற்காலியில் அருமைநாயகத்தைப் பார்த்ததும் மரகதம் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"சார் இங்க வேலை கத்துக்கறார்," என்றார் சுபைதா. "அவர் இருக்கலாமா, வெளியே போகணுமா? எதுவா இருந்தாலும் சரிதான். நீங்க சொல்றதுதான்."

மரகதம் யோசித்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்குப் பாடம் எடுத்தவரு," என்றாள். "இருக்கட்டும்."

அருமைநாயகத்துக்கு மனதுக்குள் ஒரு நிறைவு.

அவள் சொன்னாள். சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டே, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

பிள்ளையைக் குளிப்பாட்ட உட்காரும்போது ஒரு நினைப்பு வருகிறது. தன் கையாலேயே பிள்ளையைத் தண்ணீருக்குள் அமுக்குகிற மாதிரி. காய் நறுக்கும்போது பிள்ளை பக்கத்தில் கிடந்தால் வேறொரு நினைப்பு. அதை அவளால் வாயால் சொல்ல முடியவில்லை.

"நான் பேயா டாக்டரம்மா?"

"அந்த நினைப்பு வந்ததும் என்ன செய்வீங்க?"

"பிள்ளையை அத்தை மடியில போட்டுட்டு ஓடிருவேன். கொல்லையில போய் உக்காந்து அழுவேன். அரிவாமனையைத் தூக்கிப் பரண் மேல வெச்சிட்டேன்."

"செய்யணும்னு ஆசை வருதா?"

மரகதம் அடிபட்டவள் மாதிரி நிமிர்ந்தாள்.

"அல்லா சாட்சியா, ஏசு சாட்சியா, எங்க காளியாத்தா சாட்சியா, இல்லை. செத்தாலும் செய்ய மாட்டேன். ஆனா நினைப்பு வருதே!"

சுபைதா இன்னும் நிறையக் கேட்டார். தூக்கத்தைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி, காதில் ஏதாவது குரல் கேட்கிறதா என்று. அவசரமே இல்லாமல் கேட்டார். கடைசியில் தன் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மரகதம், இது ஒரு நோய். பிள்ளை பெத்த நிறையப் பேருக்கு வருது. வெளியே சொல்லப் பயந்துட்டு உள்ளேயே வெச்சுச் சாகறாங்க. பொள்ளாச்சியில ஒரு மனநல டாக்டர் இருக்காங்க, மருந்து குடுப்பாங்க. இங்க வாரா வாரம் வியாழக்கிழமை வாங்க. சரியாயிடும். அந்த நினைப்பு உங்க ஆசை இல்லை, உங்க பயம்."

மரகதம் அழுதாள். அந்த அறையில் அழுகிறவர்கள் நிறைய. ஆனால் இப்படி ஒரு அழுகையை அருமைநாயகம் அதுவரை பார்த்ததில்லை. பெரிய சுமையை இறக்கி வைத்தவளைப் போல மூச்சு வாங்க வாங்க அழுதாள்.

அவள் போன பிறகு அவர் கேட்டார்: "பிள்ளைக்கு ஆபத்து எதுவும் இல்லையே மேடம்?"

"இருக்குன்னு எனக்குத் தோணியிருந்தா, நானே அந்த வீட்டுக்குப் போயிருப்பேன். போறேன்னு மரகதத்துகிட்ட சொல்லிட்டுத்தான் போயிருப்பேன். இல்லை சார். அந்தப் பிள்ளை அவ கையில இருக்கற மாதிரி வேற எங்கயும் பத்திரமா இருக்காது."

அவருக்குப் புரிந்தது. தலைக்குப் புரிந்தது. ஆனால் தண்ணீருக்குள் அமுங்குகிற பிள்ளை அவர் கண்ணை விட்டுப் போகவில்லை.

*

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. காய்கறிக் கடைத் தார்ப்பாய்க்குக் கீழே மழைக்கு ஒதுங்கி நின்றார். பக்கத்தில் வந்து நின்றவள் கனியம்மாள். கார்மேகத்தின் அம்மா.

"சார், எங்க மருமக உங்ககிட்டதான வர்றா?"

"யாரு வர்றாங்க, யாரு போறாங்கன்னு நாங்க சொல்லக் கூடாதும்மா."

அழகாகச் சொன்னதாக அவருக்கே தோன்றியது.

"வியாழக்கிழமையானா எங்கயோ போறா. கேட்டா பதிலே இல்லை. பெத்த பிள்ளையைப் பார்த்தா ஓடறா சார்! குளிப்பாட்ட மாட்டேங்கறா. ராத்திரி எந்திரிச்சு உக்காந்து அழறா. எனக்கு ஈரக்குலை நடுங்குது."

கனியம்மாள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மழைக்கு ஒதுங்கியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எதுவும் சொல்ல வேண்டாம் சார். ஒரே ஒரு வார்த்தை. அந்தப் பச்சைமண்ணுக்கு நான் என்ன செய்யட்டும்?"

அவள் காலில் விழுந்துவிடுவாள் போல இருந்தது.

"பிள்ளையை மட்டும் கொஞ்சம் கூட இருந்து பார்த்துக்கோங்க," என்றார் அருமைநாயகம்.

அவள் அழுகை சட்டென்று நின்றது. அவரை ஒரு கணம் பார்த்தாள். காய்கூட வாங்காமல் மழையில் இறங்கி வேகமாக நடந்தாள்.

மறுநாள் காலை முதல் பேருந்தில் குழந்தை உடுமலைக்குப் போய்விட்டது, கார்மேகத்தின் அக்கா வீட்டுக்கு.

மரகதத்தின் செல்போனைக் கணவன் வாங்கி வைத்துக்கொண்டான். பால் கட்டிக்கொண்டு அவள் காய்ச்சலில் விழுந்தாள். தோட்டத்து லைன் வீடுகளில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். வாரம் முடிவதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பெத்த பிள்ளையைக் கொல்லப் பார்த்தவள் என்று பேசிக்கொண்டார்கள்.

அடுத்த வியாழக்கிழமை அவள் வரவில்லை.

மறுநாள் காலையில் பால் வாங்கப் போன இடத்தில் அருமைநாயகம் இதையெல்லாம் கேள்விப்பட்டார். சாரே எச்சரித்தார் என்று கனியம்மாள் சொன்னதும் அதில் இருந்தது, அது முந்தின நாளே சுபைதாவின் காதுக்கும் வந்திருந்தது. அவர் நேராக மாடி ஏறி வந்தார். வந்தவர் முதலில் சொன்னது, நான் ஒண்ணுமே சொல்லலையே என்பது.

*

பேரனைப் பற்றி சுபைதா கேட்ட கேள்வி அவரை உட்கார விடவில்லை. எழுந்து குடையை எடுத்தார்.

"எங்க சார்?"

"அந்த வீட்டுக்குத்தான். விவரமா எடுத்துச் சொல்லிட்டு வர்றேன்."

"எதை?"

"அது வெறும் நோய்தான்னு. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு."

"யாரோட நோய்?"

குடை அவர் கையிலேயே இருந்தது.

"யாரைக் கேட்டுட்டுச் சொல்லப் போறீங்க?"

அவர் உட்கார்ந்தார்.

"அப்போ என்னதான் செய்யறது மேடம்? அங்க ஒரு தாய் பிள்ளையில்லாம கிடக்கறா. என்னால!"

"என்னாலயும்தான். அந்த நாற்காலியில உங்களை உக்கார வெச்சது நான். அந்தக் குடும்பத்தை உங்களுக்குத் தெரியும்னு தெரிஞ்சும் வெச்சேன்."

சுபைதாவின் குரல் உடைந்திருந்தது. அவரும் ராத்திரி தூங்கவில்லை என்பதை அருமைநாயகம் அப்போதுதான் கவனித்தார்.

"மரகதத்தைக் கேக்கணும். அவ என்ன சொல்றாளோ அதுதான்."

"எப்படிக் கேக்கறது? போன் புருஷன்கிட்ட இருக்கு. வீட்டுக்குப் போனா ஊரே பார்க்கும்."

"காத்திருக்கணும்."

"வரலைன்னா?"

சுபைதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

*

கார்மேகம் வந்தான். கூட இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். மூன்று பேரும் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தார்கள்.

"என் பொண்டாட்டி இங்க வந்து என்ன சொன்னா?"

"உங்க மனைவி இங்க வந்தாங்களா, வரலையான்னுகூட நான் சொல்ல மாட்டேன்," என்றார் சுபைதா.

"நான் அவ புருஷன்!"

"தெரியுது. உங்களைப் பத்திப் பேசணும்னா உக்காருங்க. தனியாப் பேசலாம்."

"என்னைப் பத்தி என்ன இருக்கு? எனக்கென்ன பைத்தியமா?" அவன் அருமைநாயகத்தின் பக்கம் திரும்பினான். "சார், நீங்க சொல்லுங்க. நீங்கதான சொன்னீங்க, கூட இருந்து பார்த்துக்கோன்னு. அப்போ நிஜமாவே அவ பிள்ளையை..."

அவனால் முடிக்க முடியவில்லை. அவன் கண்கள் சிவந்திருந்தன. அடிக்க வந்தவனின் கண்கள் இல்லை அவை. பள்ளியில் பரீட்சை முடிவு ஒட்டும் நாளில் இதே கண்களை அருமைநாயகம் பார்த்திருக்கிறார்.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது கார்மேகம். தப்பு என்னோடது."

"அப்போ பிள்ளைக்கு ஆபத்து இல்லைங்கறீங்களா?"

இல்லை என்று சொன்னால், என்ன ஆபத்து இல்லை என்று அடுத்த கேள்வி வரும். இருக்கிறது என்பது பொய். தெரியாது என்பதும் பொய்.

அருமைநாயகம் தலையைக் குனிந்துகொண்டார்.

"பாத்தீங்களாடா?" என்றான் கார்மேகம், கூட வந்தவர்களிடம். "சாருக்கே வாய் வரலை."

ஒருவன் மூன்றாவது நாற்காலியை எட்டி உதைத்தான். அது சுவரில் மோதி விழுந்தது. இறங்கிப் போகும்போது படிக்கட்டில் நின்று கத்தினார்கள். குடும்பத்துப் பெண்களை வரவழைத்து மனசைக் கெடுக்கிற இடம் என்றார்கள். மருந்துக் கடையில் நின்றவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள்.

அருமைநாயகம் நாற்காலியைத் தூக்கி நிறுத்தினார். ஒரு கால் ஆடியது.

அதற்குப் பிறகு ஆட்கள் வருவது குறைந்தது. கட்டடத்தின் சொந்தக்காரர் மேலே வந்து, கையைப் பிசைந்துகொண்டு, ஊரில் பேச்சு சரியில்லை, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"மேடம், நீங்க ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது," என்றார் அருமைநாயகம்.

"யாருக்காகச் சொல்லணும்?"

"உங்களுக்காக."

"அது அவ சொன்ன வார்த்தை சார். என்னைக் காப்பாத்திக்க அதை எடுக்க முடியாது."

*

வியாழக்கிழமைகளில் அந்த நேரத்துக்கு சுபைதா வேறு யாரையும் வரச் சொல்வதில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். நேரம் முடிந்ததும் எழுந்துகொள்வார்.

ஒருநாள் பேருந்து நிலையத்தில் அருமைநாயகம் மரகதத்தைப் பார்த்தார். இளைத்துப் போயிருந்தாள். ரவிக்கை தோளில் தொங்கியது. கூட வேலை செய்யும் பெண்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

அவர் கால் தானாக முன்னே போனது. சுற்றிலும் ஆட்கள். அந்த ஆலோசனை மையத்து மனுஷன் அவளிடம் போய்ப் பேசினால் என்ன ஆகும்?

நின்றார்.

மரகதம் அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் குடையை முகம் மறைகிற அளவுக்குத் தாழ்த்திக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனதும் அவர் மனைவி ஜெபமணி கேட்டாள்: "ஏங்க, முகம் ஏன் இப்படி இருக்கு? சாப்பாடும் இறங்க மாட்டேங்குது, தூக்கமும் இல்லை. என்னதான் ஆச்சு?"

"ஒண்ணும் இல்லை."

"என்கிட்ட சொல்ல முடியாதது என்னங்க?"

அவர் எழுந்து போய் வாசலில் நின்றார். ஜெபமணி சோற்றை மூடி வைத்தாள்.

*

மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு வியாழக்கிழமை மரகதம் வந்தாள்.

அருமைநாயகம் எழுந்து வெளியே போகத் திரும்பினார்.

"இருங்க சார்," என்றாள். "உங்ககிட்டதான் ஒண்ணு கேக்கணும்."

அவர் நின்றார்.

"அத்தைகிட்ட என்ன சொன்னீங்க?"

அவர் சுபைதாவைப் பார்த்தார். சுபைதா உதவிக்கு வரவில்லை.

"பிள்ளையை மட்டும் கொஞ்சம் கூட இருந்து பார்த்துக்கோங்கன்னு சொன்னேன்மா."

"வேற?"

"வேற எதுவும் சொல்லலை."

"நான் சொன்னதை?"

"சொல்லலை."

மரகதம் தலையை ஆட்டினாள்.

"நான் சொன்னதையாவது முழுசா சொல்லியிருந்தீங்கன்னா, நான் அழுததும் சேர்ந்து போயிருக்கும். காளியாத்தா மேல சத்தியம் பண்ணதும் போயிருக்கும். நீங்க எதையும் சொல்லாம, பயத்தை மட்டும் எடுத்துக் குடுத்திட்டீங்க சார்."

அருமைநாயகம் ஆடும் கால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிடும்மா."

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை.

"நீ சரின்னு சொன்னா, நான் வந்து கார்மேகத்துகிட்ட பேசறேன். இது என்ன நோயின்னு புரியவைக்கிறேன். நீ வேண்டாம்னா வேண்டாம்."

மரகதம் அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அன்னைக்கு இப்படிக் கேட்டிருக்கலாம்."

கீழே ஒரு லாரி ஏற்றத்தில் முனகிக்கொண்டு போனது. 

"நீங்க வேண்டாம் சார். நானே சொல்லிக்கறேன். அவரை இங்க கூட்டிட்டு வர்றேன். டாக்டரம்மா மட்டும் இருக்கட்டும்."

"வருவாரா?" என்றார் சுபைதா.

"வருவாரு. பிள்ளை அங்க பால் குடிக்க மாட்டேங்குதாம். அவரும் ராத்திரியில அழறாரு. நான் தூங்கிட்டேன்னு நினைச்சு."

அடுத்த வியாழக்கிழமை கணவனும் மனைவியும் வந்தார்கள். கார்மேகம் இந்த முறை செருப்பைப் படியிலேயே கழற்றினான். அருமைநாயகம் கீழே இறங்கி, மருந்துக் கடைப் படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே என்ன பேசினார்கள் என்று அவருக்குத் தெரியாது. அவர் கேட்கவும் இல்லை. அதனால் அது இந்தக் கதையிலும் இல்லை.

*

குழந்தை திரும்பி வந்தது.

அதற்குள் மரகதத்துக்குப் பால் வற்றியிருந்தது. குழந்தை உடுமலை அத்தையின் முகத்தைத் தேடிக்கொண்டு அழுதது. பொள்ளாச்சி டாக்டர் மருந்து கொடுத்தார். நினைப்புகள் குறைந்தன. அரிவாள்மணை பரணிலிருந்து இறங்கியது.

ஆனால் லைன் வீட்டுப் பெண்கள் தங்கள் பிள்ளைகளை மரகதம் கையில் கொடுப்பதில்லை. அவள் தூக்கக் கையை நீட்டினால், தூக்கம் வருது அதுக்கு என்று சொல்லி இடுப்பை மாற்றிக்கொள்வார்கள்.

அருமைநாயகம் ஒருமுறை கடைத்தெருவில் அவர்களைப் பார்த்தார். கனியம்மாள் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனாள். மரகதம் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

குழந்தை பாட்டியின் தோளுக்கு மேலாகத் தாயைப் பார்த்துக்கொண்டே போனது.

இந்த முறை மரகதம் குடையைத் தாழ்த்தவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை.

*

மாடியைக் காலி செய்யும் நாள் வந்தது. சாமான்கள் பெரும்பாலும் இறங்கிவிட்டன. அறையில் நாற்காலிகள் மட்டும் மிச்சம்.

"நான் இந்த வேலைக்கு லாயக்கில்லை மேடம். நாளையிலிருந்து வரலை," என்றார் அருமைநாயகம்.

"சரி."

அவர் வேறு பதிலை எதிர்பார்த்திருந்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இதை நான் எங்க கொண்டு போய் இறக்கி வைக்கிறது? நெஞ்சு வெடிச்சிடும் போல இருக்கு. வீட்டுக்காரிகிட்ட சொல்லிடலாம்னு தோணுது."

"அவங்களுக்கு மரகதத்தைத் தெரியுமா?"

"கார்மேகம் கல்யாணத்துக்கு நாங்க ரெண்டு பேருமே போயிருந்தோம்."

சுபைதா அடுத்ததற்குக் காத்திருந்தார்.

"எங்க சர்ச் பாஸ்டர்கிட்ட?"

"உங்க தப்பைச் சொல்லும்போது, யாருக்குச் செஞ்ச தப்புன்னு சொல்லாம சொல்ல முடியுமா?"

"பேரைச் சொல்ல மாட்டேன்."

"இந்த ஊர்ல பிள்ளையை உடுமலைக்கு அனுப்பின வீடு எத்தனை சார்?"

அருமைநாயகம் இரண்டு கைகளையும் விரித்தார். அழுகையை அடக்க அவருக்குப் பழக்கமில்லை. உதடு கோணியது.

"அப்போ நான் யார்கிட்டயும் அழக்கூட முடியாதா?"

சுபைதா எழுந்தார். சுவரோரம் அடுக்கியிருந்த நாற்காலிகளில் இரண்டை இறக்கினார். ஒன்றை ஜன்னல் பக்கம் போட்டார். இன்னொன்றை அதற்கு எதிரே போட்டார். ஜன்னல் பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

அது வருகிறவர்கள் உட்காரும் இடம்.

அருமைநாயகம் அதில் உட்கார்ந்ததே இல்லை. மெதுவாக உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் அறை வேறு மாதிரி இருந்தது. கதவுதான் பெரிதாகத் தெரிந்தது.

சுபைதா எதிரே உட்கார்ந்தார்.

"சொல்லுங்க சார்."

"நான் அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னேன்னு..." என்று ஆரம்பித்தார். "எல்லாரும் இரக்கத்துலதான் சொன்னேன்னு நினைக்கிறாங்க. நீங்களும் அப்படித்தான் நினைச்சிருப்பீங்க. அது இல்லை மேடம். நிஜமான காரணம் வேற. அந்தம்மா அழுதப்போ எனக்குள்ள..."

நிறுத்தினார்.

படிக்கட்டில் யாரோ சாமான் இறக்கும் சத்தம் கேட்டது. அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். தாழ்ப்பாளைப் பார்த்தார். நாற்காலியின் நுனிக்கு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"மேடம், இது உங்களோட இருக்கும்தானே?"

கேட்ட பிறகுதான் தன் குரல் அவர் காதில் விழுந்தது.